ஜிபிஎஸ் கருவிக்கு வேறு சார்ஜர்: 4-வது பின் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மினி யுஎஸ்பி துளை உள்ள பழைய ஜிபிஎஸ் கருவி. வேறு கம்பெனி கார் சார்ஜரைச் செருகினால் வரைபடம் மறைந்து கம்ப்யூட்டர் படம் வந்து நின்றுவிடுகிறது. கேபிளைக் கழற்றினால் மறுபடி வழிகாட்டுகிறது.

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது, மல்டிமீட்டரில் 5.1 வோல்ட். (லோடு இல்லாமல் அளந்தது. 28 கேஜ் கம்பி 2 மீட்டர் நீளம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது போகவர கம்பியிலேயே சுமார் 0.85 வோல்ட் போய்விடும். அது வேறு தலைவலி.)

மினி யுஎஸ்பியில் 5 பின்கள்: 1 மின்சாரம், 2, 3 டேட்டா, 5 கிரவுண்ட். சந்தேகம் 4-ன் மேல்தான். சாதாரண கேபிளில் அது எதனோடும் சேராமல் சும்மா கிடக்கும். அதனால் கருவி கம்ப்யூட்டரோடு இணைந்ததாக எடுத்துக்கொள்கிறது. இந்த வகைக் கருவிகளுக்கான சில சார்ஜர் கேபிள்களில், இது சார்ஜர் என்று கருவிக்குக் காட்ட, 4-க்கும் 5-க்கும் நடுவே சுமார் 18 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். 2, 3 இரண்டையும் ஷார்ட் செய்து பார்த்தாயிற்று, பலனில்லை.

கேள்வி இதுதான்: வார்த்த பிளக்கில் 4-வது பின்னுக்குக் கம்பியே வராது. 5 பின்னும் வெளியே தெரியும் பிளக் வாங்கி, கால் வாட் ரெசிஸ்டரை உள்ளேயே சால்டர் செய்தவர்கள் உண்டா? மூடி சரியாக மூடியதா? 4, 5-ஐ நேரடியாக இணைத்தால் வேலை செய்யும் மாடல்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.