கூகி வா தியாங்கோ: டாக்சியில் வாசித்த ஒரு பக்கம்

பனைநிழல்:
2025 மே மாதம் கென்ய எழுத்தாளர் கூகி இறந்த செய்தி வந்ததிலிருந்து இது மனசை அரிக்கிறது. நைரோபியில் வேலை பார்த்த நேரம். அவர் ஊரான லிமுரு பக்கம் போகிற வழியில் கையில் அவருடைய ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலைத் தமிழில் வைத்திருந்தேன். யார் எழுதியது என்று டாக்சிக்காரர் கேட்டார். சொன்னதுமே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். “உங்க மொழியில ஒரு பக்கம் வாசிங்க.” வாசித்தேன். ஒரு சொல் புரியாமலே கடைசிவரை கேட்டார். அப்புறம்தான் சொன்னார்: “கிக்குயுல எனக்கு வாசிக்க வராது. அம்மா வாசிக்கக் கேட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துல எனக்கு எல்லாம் இங்கிலீஷ்.” காமிட்டிச் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கூகி தன் தாய்மொழி கிக்குயுவில் எழுதிய நாவல் அது. டாக்சிக்காரரின் ஊர்க்காரர் எழுதியது, என் மொழியில் என் மடியில் இருந்தது.

கரிசல்மண்:
எம்.ஏ. வகுப்பில் கூகியின் பள்ளிக்கூடப் பொத்தான் கதையை சார் சொன்னார். தாய்மொழி பேசி மாட்டியவன் கையில் பொத்தான். அவன் அடுத்து பேசுகிறவனிடம் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் பொத்தான் கைமாறிய எல்லோருக்கும் பிரம்படி. பின்பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, “எங்க ஸ்கூல்ல அது மரக்கட்டை சார்” என்றான். யாரும் பேசவில்லை.

ஆனால் பனைநிழல், கூகியைச் சிறைக்கு அனுப்பியது எது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 1977இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ நாவல் அரசைக் கடுமையாகத்தான் சாடியது, அப்போது கைவைக்கவில்லை. அதே வருஷம் லிமுரு பக்கத்துக் காமிரீத்துவில் விவசாயிகளும் தொழிலாளிகளும் கிக்குயுவில் நடித்த அவர் நாடகத்தை ஆறே வாரத்தில் தடை செய்தார்கள். டிசம்பர் கடைசியில் கைது. விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம். வெளியே வந்தபோது பேராசிரியர் வேலையும் போயிருந்தது.

ஆற்றுமணல்:
நான் ‘மட்டிகாரி’ மட்டும்தான் படித்தேன், ரயிலில், இறங்கும் ஊரைத் தாண்டிப் போய்விட்டேன். புதிதாகப் படிப்பவர்கள் 1964இல் வந்த ‘வீப் நாட், சைல்ட்’டில் தொடங்குங்கள், சின்ன நாவல், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சிக் காலம் பிடிபடும். பிறகு ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’. ‘டீகாலனைசிங் தி மைண்ட்’ கட்டுரை நூலை அதற்கப்புறம் எடுங்கள், அப்போதுதான் ஆங்கிலத்தை ஏன் விட்டார் என்ற கோபம் உறைக்கும். 1968இல் நைரோபி பல்கலையில் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொல்லி இன்னும் இருவரோடு அவர் எழுதிய குறிப்பையும் தேடிப் படியுங்கள். ஆப்பிரிக்க இலக்கியம் நடுவில் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

பனைநிழல்:
கரிசல்மண் சொன்னது சரி, நாடகத்தை விட்டது என் தப்பு. 1982இல் போலீஸ் இடித்துத் தள்ளிய அந்தத் திறந்தவெளி அரங்கு இருந்த ஊருக்குத்தான் அன்று போய்க்கொண்டிருந்தோம்.

என்னை அரிப்பது வேறு. டாக்சிக்காரரின் அம்மா எந்தப் பக்கத்தை வாசித்தார் என்று நான் கேட்கவே இல்லை.