மோதிரத்தை எந்த நாளில் நீட்டுவது? கரீபியன் தீவுகளில் எங்கள் அனுபவங்கள்

செயின்ட் லூசியா, பிப்ரவரி

ஆறு இரவுகள் தங்கினோம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என் காதலியிடம் கேட்கத்தான் அந்தப் பயணமே. அவளுக்கு அது தெரியாது. ஐந்து வருடப் பழக்கம். என் முகத்தைப் பார்த்தே எதையும் கண்டுபிடித்துவிடுவாள். இப்படி ஒரு பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

முதலில் மாதம். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். அதற்காக ஜூலையில் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024இல் பெரில் புயல் ஜூலை 1ஆம் தேதியே கிரனடாவின் கரியாகு தீவைப் புரட்டிப் போட்டது. டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அறை வாடகை மிக அதிகம். நாங்கள் அதைத் தாங்கிக்கொண்டு பிப்ரவரியை எடுத்தோம்.

அடுத்தது தீவு. அவளுக்கு மலை என்றால் உயிர். செயின்ட் லூசியாவில் கடலிலிருந்தே செங்குத்தாக எழும் இரண்டு சிகரங்கள் இருக்கின்றன. கிரோ பிட்டோன், பெட்டி பிட்டோன் என்று பெயர். இரண்டுமே 700 மீட்டருக்கு மேல். 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். படத்தைக் காட்டியதுமே சரி என்றாள். அவற்றின் அடியில் இருக்கும் சூஃப்ரியர் ஊரை ஒட்டி, மேற்குக் கரையில் அறை எடுத்தோம். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் மேற்குக் கரையில்தான் தங்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி இந்தத் தீவுகளில் பெரிய அளவில் கரை ஒதுங்குகிறது. அட்லாண்டிக் பக்கம் பார்த்த கிழக்குக் கரைகளுக்குத்தான் அது அதிகம் வருகிறது. அழுகினால் முட்டை நாற்றம். அந்த நாற்றத்துக்கு நடுவே யாரும் முழங்காலிட வேண்டாம்.

மோதிர அளவுக்கு அவள் வலது கையில் போடும் வெள்ளி மோதிரத்தை ஒருநாள் மதியம் மட்டும் எடுத்துப்போய் நகைக்கடையில் காட்டிவிட்டு வந்தேன். விமானத்தில் மோதிரம் என் கைப்பையில்தான் வந்தது. இதைப் பெரிய சூட்கேஸில் போட்டு அனுப்பவே அனுப்பாதீர்கள். மோதிரத்தின் பட்டுப் பெட்டியை மட்டும் அந்த சூட்கேஸில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மோதிரத்தை ஒரு துணிச் சுருக்குப்பையில் போட்டு, ஹெட்போன் உறைக்குள் நுழைத்தேன். சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால், தனியாக வைத்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் மெதுவாகக் கேட்கலாம். எனக்கு அதற்கு அவசியம் வரவில்லை. அவள் எனக்குப் பின்னால் நின்று ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள். பை அந்தப் பக்கம் வந்து சேரும்வரை என் வாய் உலர்ந்துபோய் இருந்தது.

புறப்படும் முன் தற்செயலாகத் தெரிந்துகொண்ட ஒன்று: ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டு போட்ட துணி அங்கே பொதுமக்கள் போடக் கூடாது. சட்டப்படி குற்றம். பார்படோஸ், ஆன்டிகுவா, கிரனடாவிலும் இதே சட்டம். எடுத்து வைத்திருந்த என் அரைக்கால் சட்டையை வெளியே எடுத்துவிட்டேன்.

திட்டம் இதுதான். ஆறாம் நாள் மாலை, கட்டமரான் என்ற இரட்டை அடிப்பாகம் கொண்ட படகில், பிட்டோன்களுக்கு முன்னால், சூரியன் இறங்கும்போது கேட்பது. சூரியன் அங்கே சட்டென்று இறங்கிவிடும், அந்தி நீளாது என்று படகுக்காரரே சொல்லி நேரம் குறித்துக் கொடுத்தார். படம் எடுக்கவும் அவர்களே ஓர் ஆள் தருவதாகச் சொன்னார்கள்.

நான் செய்த பெரிய தவறு அந்த ஆறாம் நாள்தான். நல்ல விஷயத்தைக் கடைசியில் வைத்தால் பயணம் முழுக்க அதை நோக்கிப் போகும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அறையில் இருந்த லாக்கரை அவளும் திறப்பாள். அதனால் மோதிரம் எப்போதும் என் இடுப்புப் பையில். அவள் தண்ணீரில் இறங்கினால் நான் கரையில். ஆன்ஸ் சாஸ்டனே கடற்கரையில் கறுத்த எரிமலை மணல், கரையிலிருந்து நாலு எட்டில் பவளப் பாறை, கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தால் கிளிமீன் கூட்டம். வா வா என்று கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். டெட் பால் மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் இரண்டு சிகரங்களும் இரு பக்கமும் தெரியும் ஒரு மேடு வரும். ஆள் இல்லை, காற்று, கீழே நீலக் கடல். அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பையில் கை வைத்தேன், ஆறாம் நாள் இருக்கிறதே என்று கையை எடுத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை படகிலிருந்து ஃபோன். காற்று பலமாக இருக்கிறது, அலை பெரிதாக இருக்கிறது, இன்று படகு எடுக்க முடியாது. அடுத்த நாள் மதியம் எங்கள் விமானம்.

அவளுக்கு அது சாதாரண ஏமாற்றம்தான். சரி, சேற்றுக் குளியலுக்குப் போகலாம் என்றாள். சூஃப்ரியர் பக்கத்தில் கந்தக ஊற்றுகள் இருக்கின்றன. எரிமலை வாயின் விளிம்புவரை வண்டியிலேயே போகலாம். சாம்பல் நிறச் சுடுநீர்க் குளத்தில் இறங்கி, வாளியில் வைத்திருக்கும் சேற்றை உடம்பெல்லாம் பூசி, வெயிலில் காய்ந்து, மறுபடி இறங்கிக் கழுவ வேண்டும். எங்கள் ஓட்டுநர் பெரியவர். அவள் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, வெள்ளி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துவிடும்" என்றார். அவள் வலது கை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டி, பத்திரமாக வை என்றாள். என் இடுப்புப் பையில் இப்போது இரண்டு மோதிரங்கள்.

அங்கிருந்து டொராய் அருவிக்குப் போனோம். சேறு போகக் குளிக்க எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். சில்லென்ற தண்ணீர். காது மடலில் கொஞ்சம் சேறு மிச்சம் இருக்க, தலைமுடி சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வலது கையை நீட்டினாள்.

"என் மோதிரத்தைக் கொடு."

பையைத் திறந்தேன். விரலில் முதலில் பட்டது சுருக்குப்பை. நான் யோசிக்கவே இல்லை. அதிலிருந்ததை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். துண்டை இறக்கிப் பார்த்தாள். "இது என்னுது இல்லையே" என்றாள். "உன்னுதுதான்" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அருவிச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

போட்டுப் பார்த்தால் மோதிரம் தளர்ந்து கழன்று வந்தது. அளவு தவறிவிட்டதோ என்று பதறினேன். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், வெயிலில் வீங்கும், சாயங்காலம் போட்டுப் பாருங்கள் என்று ஓட்டுநர்தான் சொன்னார். அப்படியே ஆனது. அதனால் சொல்கிறேன், கடலிலோ அருவியிலோ நின்றுகொண்டு புது மோதிரம் போடாதீர்கள். நழுவினால் போனதுதான்.

மீண்டும் ஒருமுறை போனால் இரண்டாம் நாளே கேட்டுவிடுவேன். மழையோ காற்றோ கெடுத்தால் அடுத்த நாள் இருக்கிறது. சொல்லிவிட்ட பிறகு மிச்ச நாட்கள் இருவரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கலாம்.

ஆன்டிகுவா, ஒரு ஞாயிறு மாலை

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், இங்கே கேட்டது என் காதலர், என்னிடம்தான் கேட்டார். ஆன்டிகுவாவில் ஷர்லி ஹைட்ஸ் என்று ஒரு குன்று. கீழே இங்கிலீஷ் ஹார்பர், நெல்சன் டாக்யார்ட், வரிசையாக நிற்கும் பாய்மரப் படகுகள். ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே ஸ்டீல் பேண்ட் வாசிப்பார்கள். இரும்புப் பீப்பாயிலிருந்து பிறந்த வாத்தியம், கேட்கக் கேட்க மழைத்துளி மாதிரி இருக்கும். கறி, மீன் சுடும் புகை, நூற்றுக்கணக்கான கூட்டம்.

அவர் இசைக்குழுவிடம் முன்பே பேசி வைத்திருந்தார். பாட்டு சட்டென்று நின்றது. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பினால் அவர் முழங்காலிட்டிருக்கிறார், சுற்றி எல்லோர் கையிலும் ஃபோன்.

சரி என்றேன், மனசார. ஆனால் நான் நாலு பேர் முன்னால் பிறந்தநாள் கேக் வெட்டவே கூசுகிற ஆள். கை தட்டல் ஓயும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த வாத்தியத்தின் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட வார்த்தைகள் என்ன என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை, அந்தப் பளபளப்புதான் இருக்கிறது. இரவு அதை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடிகாலை பிஜன் பாயின்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போய், யாரும் இல்லாத மணலில் உட்கார்ந்து, முழுவதையும் மறுபடி சொன்னார். எங்களுக்குள் கணக்கு அந்தக் காலைதான்.

அதனால் என் வேண்டுகோள்: இடத்தை யோசிப்பதற்கு முன்னால் யாரிடம் கேட்கப்போகிறீர்களோ அவருடைய சுபாவத்தை யோசியுங்கள். கூட்டம் பிடிக்கிறவராக இருந்தால் ஷர்லி ஹைட்ஸ் மாதிரி இடம் கிடைக்காது. பிடிக்காதவர் என்றால், அதே குன்றுக்கு வேறொரு நாளில் போங்கள். காட்சி அதேதான்.

குராசாவ், செப்டம்பர்

எங்களில் கேட்டது நான், பெண். லீவு கிடைத்தது செப்டம்பரில்தான், புயல் உச்சத்தில். ஆனால் அருபா, பொனேர், குராசாவ் மூன்றும் வெனிசுலாவுக்கு மேலே, புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பு குறைவு. அதை நம்பிப் போனோம். வெயில்தான் கடுமை. அந்த மாதம் காற்றும் குறைந்துவிடுகிறது, மதியத்தில் வெளியே நிற்க முடியாது. எதுவானாலும் இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குராசாவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் குயின் எம்மா பாலம் என்று ஒரு மிதவைப் பாலம், 1888இல் கட்டியது. கப்பல் வந்தால் மணி அடிக்கும், கேட்டை மூடுவார்கள், பாலம் மொத்தமாக ஒரு பக்கமாகச் சுழன்று வழிவிடும். ஏற்கெனவே பாலத்தில் நிற்பவர்கள் அப்படியே நிற்கலாம். இரவில் வளைவு வளைவாக விளக்கு எரியும். எதிரே மஞ்சள், நீலம், ரோஜா நிறத்தில் பழைய டச்சு வீடுகள்.

இரண்டு இரவு அந்தப் பாலத்தில் சும்மா நடந்தோம், கப்பல் வரவில்லை. மூன்றாம் இரவு மணி அடித்தது. அவர் கரைக்கு ஓடப் பார்த்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். காலுக்கடியில் பாலம் நகர்கிறது, கரை விலகிப் போகிறது, திரும்பிப் போக வழியில்லை. பாலம் சேர்கிறதுக்குள்ள பதில் சொல்லு என்று கேட்டேன். அங்கே கடைக்காரரிலிருந்து எல்லோரும் எல்லோரையும் 'டுஷி' என்று கூப்பிடுவார்கள், பாபியமெந்து மொழியில் இனிப்பு, செல்லம் என்று அர்த்தம். அவர் சொன்ன பதிலும் அதுதான்: "சரி, டுஷி."

எனக்கு மோதிரம் கிடையாது. அவருக்கு நகை பிடிக்காது. ஒரு கைக்கடிகாரம் கொடுத்தேன், பின்பக்கத்தில் நாங்கள் சந்தித்த தேதியைப் பொறித்து. மோதிரம்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வியேக்கஸ், புவர்ட்டோ ரிக்கோ

சுருக்கமாக. மஸ்கிட்டோ பே என்ற விரிகுடாவில் தண்ணீரைத் துடுப்பால் தொட்டால் நீல வெளிச்சம் எழும், நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் முன்பதிவு செய்யுங்கள், நிலா வெளிச்சத்தில் மங்கிவிடும். நீந்த அனுமதி இல்லை, கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகலாம். நான் மோதிரத்தை அறையிலேயே வைத்துவிட்டு, வார்த்தையை மட்டும் அங்கே சொன்னேன். இருட்டில் ஆடுகிற கயாக்கில் மோதிரத்தை நீட்டும் துணிச்சல் எனக்கு இல்லை. கரைக்கு வந்த பிறகு போட்டுவிட்டேன். அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட இடம், அமெரிக்க விசா தேவைப்படுகிறவர்களுக்கு அங்கேயும் அதே விசாதான். மற்ற தீவுகளுக்குப் போகிறவர்களும் மயாமி வழியாக விமானம் மாறினால் அமெரிக்க விசா விதி பொருந்தும். டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்.

மறுபடி செயின்ட் லூசியாக்காரன்

எல்லாவற்றையும் அவளுக்கும் படித்துக் காட்டினேன். பாலத்துக் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். ரத்தான படகுக்குக் கட்டிய பணம் என்ன ஆனது என்று கேட்டவர்களுக்குப் பதில்: திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வானிலையால் ரத்தானால் என்ன என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கியிருந்தேன், நீங்களும் வாங்குங்கள். விலை சொல்லும்போது எந்த டாலர் என்றும் கேளுங்கள். கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டாலர். கடற்கரையில் மெழுகுவர்த்தி வரிசை வைக்க நினைப்பவர்கள் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதை விட்டுவிடுங்கள், அப்போது தோணி ஆமை என்ற பெரிய கடல் ஆமைகள் முட்டையிட வருகின்றன, கரையில் வெளிச்சம் இருந்தால் குஞ்சுகள் கடலுக்கு வழி தெரியாமல் திசை மாறிவிடும்.

படம் எதுவும் இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றே ஒன்று இருக்கிறது, ஓட்டுநர் என் ஃபோனில் எடுத்தது. அவள் காதில் சேறு, என் கையில் அவளுடைய வெள்ளி மோதிரம். அதைத் திருப்பிக் கொடுக்க ஊருக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.