மறு: த்ரோட்டில், டெட் சோன் – என் பரிந்துரை

வணக்கம்.

ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரின் உதவிப் பக்கத்தில் ஜாய்ஸ்டிக் கோளாறுகள் பகுதியை மொழிபெயர்க்கும்போது, எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலுக்குத் தமிழ்ச் சொல் தேடி ஆரம்பித்த பேச்சு, இப்போது பிடியை அசைத்தும் கணக்கில் வராத சிறு தூரமான டெட் சோனில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> த்ரோட்டில் = நெரிப்பி / விசைப்பிடி

ஐயா சொன்னபடி ஆங்கிலச் சொல்லின் வேர் தொண்டை என்பது சரிதான். கார்புரேட்டருக்குள் காற்றின் வழியை அடைக்கும் தகட்டுக்கு நெரிப்பி பொருந்தும். ஆனால் நம் வாசகர் கையில் இருப்பது ஒரு பிடி. "நெரிப்பியை முழுதாக முன்னால் தள்ளவும்" என்று படித்தால் எஞ்சினை அடக்கச் சொல்வதாகத்தான் தோன்றும். விசைப்பிடியும் வேண்டாம், விசைப்பலகை வந்த பிறகு கணினிக்காரர்களுக்கு விசை என்றால் பட்டன். உந்துவிசை ஏற்கெனவே பள்ளிப் பாடத்தில் பழகிய சொல். அதனால் என் வாக்கு உந்துபிடிக்கு.

> டெட் சோன் = இறந்த மண்டலம் / உணராப் பகுதி / வெற்றாட்டம்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நேற்று என் பழைய ஜாய்ஸ்டிக்கை லினக்ஸில், அது அனுப்பும் எண்ணைக் காட்டும் ஜேஎஸ்டெஸ்ட் நிரலைப் போட்டுப் பார்த்தேன். உந்துபிடியைக் கடைசிவரை பின்னால் இழுத்தால் எண் 32767-க்குப் போக வேண்டும். 30100-ஐத் தாண்டவே இல்லை. கையை எடுத்த பிறகும் கடைசி இரண்டு இலக்கங்கள் துடித்துக்கொண்டே இருந்தன. ஃபிளைட்கியரின் ஜாய்ஸ்டிக் கோப்புகளில் வழக்கமாக இந்த எண்ணை −1 முதல் 1 வரையிலான அளவாக்கி (32767 என்றால் 1), 1-ஐக் கழித்து, −0.5-ஆல் பெருக்குவார்கள். கணக்குப் போட்டால் சுமார் 0.04. பிடி பூஜ்யத்தில் இருக்கும்போதே 4 சதவீதம் திறந்திருக்கிறது! ஓடுபாதையில் நிறுத்திய செஸ்னா 172, பிரேக்கை விட்டதும் தானாக ஊர்ந்தது இதனால்தான்.

உள்ளே பிடியின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் தேய்ந்திருக்கலாம். ஆனாலும் அது அசைவை உணர்கிறது. சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடுவது மென்பொருள். உணராப் பகுதி என்று எழுதினால் வாசகர் ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போவார். வெற்றாட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; ஆனால் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கு என்று மெக்கானிக் சொல்வாரே, அந்தத் தளர்வுக்கு அதை வைத்துக்கொள்வோம். பிடியின் அச்சு லொடலொடவென்று ஆடுவதைச் சொல்லும் பத்தியில் கட்டாயம் தேவைப்படும்.

என் பரிந்துரை: விடுதூரம். கணக்கில் சேர்க்காமல் விடும் தூரம். எண்ணோடு ஒட்டும், முன்னொட்டும் ஏற்கும். முன்னொட்டு ஏன் முக்கியம் என்றால், விமானத்தைத் திருப்பும் கோலுக்கு விடுதூரம் நடுவில் வேண்டும். கையை விட்டால் அது நடுவுக்குத்தான் வரும். உந்துபிடிக்கு நடு என்பது பாதித் திறப்பு. அங்கே விடுதூரம் வைத்தால் பிடி நகரும், எஞ்சின் நகராது. ஃபிளைட்கியரின் டெட்-பேண்ட் (டெட் சோனுக்கு அங்கே உள்ள பெயர்) நடுவைச் சுற்றித்தான் வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020-இலோ நடுவுக்கும் முனைக்கும் தனித்தனி ஸ்லைடர்கள். இறந்த மண்டலத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முயன்றேன், வாக்கியமே எழவில்லை.

விடுதூரத்தோடு இப்படி வருகிறது:

"உந்துபிடிக்கு நடு விடுதூரம் வைக்க வேண்டாம். எஞ்சின் அடங்கவில்லை என்றால் முதலில் அளவுதிருத்தம் செய்யவும். அதன் பிறகும் எண் துடித்தால் முனை விடுதூரத்தைக் கொஞ்சம் கூட்டவும்."

காலிபிரேஷனுக்கு அளவுதிருத்தம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, மாற்ற வேண்டாம். எண் துடிப்பதற்கு நடுக்கம் போதும்.

முனையா, ஓரமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம். நடு, ஓரம் என்பது பேச்சில் இயல்பான ஜோடி; ஆனால் பிடி கடைசியில் போய் முட்டும் இடத்தை முனை என்றால் சட்டென்று புரிகிறது. அக்கா, பள்ளி மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தருபவர் நீங்கள்தான். இரண்டையும் அவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை அந்தப் பத்தியை மூடாமல் வைத்திருக்கிறேன்.