பழைய துணி கொடுத்த இடங்களில் கண்டதும் கேட்டதும்

நாகை மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயங்கிய நிவாரண முகாமுக்கு வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிய துணி மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் பணியில் நானும் இருந்தேன். ஒரு மூட்டை முழுவதும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கைகள். அனுப்பியவர் எவருக்குப் பொருந்துமென்று எண்ணி அனுப்பினாரோ தெரியவில்லை. கால்சட்டையும் துப்பட்டாவும் இல்லாத சுடிதார் மேற்சட்டைகள், நாடா உருவப்பட்ட பாவாடைகள், யாரோ தம் திருமண வரவேற்பில் அணிந்த கோட்டு ஆகியவையும் வந்தன. முகாமில் இருந்தவர்கள் கேட்டவையோ கைலி, நைட்டி, உள்பாவாடை, துண்டு, போர்வை, கைக்குழந்தையைச் சுற்றி வைக்க மெல்லிய பருத்தித் துணி. வீட்டின் கூரை பறந்து, பெட்டியில் இருந்ததெல்லாம் நனைந்துபோனவர்களுக்கு முதலில் வேண்டியது மாற்று உள்ளாடை. அதைப் புதிதாகத்தான் வாங்கித் தரவேண்டும் என்பதாலோ, கூச்சத்தாலோ, எங்களுக்கு வந்த மூட்டைகளில் அது அரிதாகவே இருந்தது.

சாயம் போன புடவை ஒன்றை விரித்துப் பார்த்த வயதான அம்மா ஒருவர், அதை மறுபடியும் ஒழுங்காக மடித்து என்னிடமே தந்துவிட்டு, “இத உடுத்திக்கிட்டு ரேஷன் கடை வரிசையில நிக்க முடியுமான்னு நீயே சொல்லு தம்பி” என்று கேட்டார். முந்தைய வாரம் வரை தென்னந்தோப்பு வைத்திருந்தவர் அவர். துணியைத் தரம் பிரிக்க அதைவிடச் சரியான அளவுகோல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் இதே கடற்கரைக்கு வந்த பழைய துணி, உடுத்துவார் இன்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததை எங்கள் ஊரார் இன்றும் பேசுவதுண்டு. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றைத் திரட்டித் தரம் பிரித்த அமைப்புகளுள் ஒன்று, அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச். உடுத்த இயலாத பருத்தித் துணியை மாதவிடாய்க் காலத் துணியாகத் தைப்பதும், கிராமத்தினர் தாமே கிணறு தூர்வாரியோ பாதை போட்டோ அந்த உழைப்புக்கு ஈடாகத் துணிகளைப் பெற்றுக்கொள்வதும் அவர்களுடைய வழக்கம். அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கை நீட்டி வாங்கவேண்டிய நிலையை மாற்றியதாலேயே இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் வேலை செய்த சித்தாள் ஒருவரிடம் சில புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தயங்கி, “ஐயாவோட பழைய முழுக்கை சட்டை இருந்தா குடுங்கக்கா, ஒண்ணு ரெண்டு பொத்தான் இல்லாட்டியும் பரவால்ல” என்றார். கட்டட வேலையிலும் வயல் வேலையிலும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்திருப்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வெயிலும், சிமெண்டுத் தூசியும், கரும்புத் தோகையின் சுணையும் தோலில் படாமல் காப்பது அதுதான். எனினும் ஆண்களின் சட்டையை ஆண்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம்.

என் பிள்ளைகளின் தனியார் பள்ளிச் சீருடைகளை மட்டும் எவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அரசுப் பள்ளியில் சத்துணவு உண்ணும் மாணவருக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் நான்கு இணைச் சீருடை அரசே தருகிறது; பள்ளி முத்திரை பதித்த வேறு சட்டை அவர்களுக்கு எதற்கு?

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தந்தையார் மறைந்தபின் அவருடைய வேட்டி சட்டைகளைப் போகியன்று எரித்துவிடலாம் என்று உறவினர் சிலர் கூறினர். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. முதியோர் இல்லம் ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, இறந்தவருடைய துணி என்பதை நான் மறைக்காமல் சொன்னேன். பொறுப்பாளர் அதைப் பொருட்படுத்தாமல், துவைத்து உலர்த்தியதா, பருத்தியா, அரைக்கையா முழுக்கையா என்று மட்டும் விசாரித்தார்.

நேரில் சென்றபோதுதான் அந்தக் கேள்விகளின் காரணம் புரிந்தது. பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டிகள், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு உடம்பு துடைக்கவும் விரிப்பின்மேல் போடவும் பயன்படுகின்றன. புது வேட்டியின் கஞ்சி மொடமொடப்பு அவர்களுடைய தோலுக்கு ஆகாது. சட்டைகளில் அரைக்கை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பக்கவாதத்தால் கை மடங்காத ஒருவருக்கு முழுக்கையை மாட்டிவிடுவது உதவியாளருக்கும் சிரமம், அவருக்கும் வலி. பெண்களுக்கு முன்புறம் திறக்கும் நைட்டி இருந்தால் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார்கள்.

முழுக்கைச் சட்டைகள் பீரோவிலேயே மீந்து கிடக்கின்றன. கோவைச் சகோதரி மேலே எழுதியதைப் படித்தபின், எங்கள் அடுத்த தெருவில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வேலை செய்யும் பெண்களிடம் அவை வேண்டுமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கவிருக்கிறேன்.