அடகுக் கடை மோசடிச் செய்தியில் மதம் எதற்கு? பத்திரிகைக்கு எழுதினால் பலன் இருக்குமா?

கூத்தாநல்லூர்_பொண்ணு:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். போன வாரம் ஒரு தமிழ் நாளிதழில் எங்கள் மாவட்டப் பக்கத்தில் இரண்டு செய்திகள். மேலே, மன்னார்குடி பக்கம் அடகுக் கடையில் கவரிங் நகையைத் தங்கம் என்று வைத்துப் பணம் வாங்கிய ஒருவர் பிடிபட்ட செய்தி, தலைப்பு "இஸ்லாமிய வாலிபர் கைது". அதே பக்கத்தில் கீழே பைக் திருடிய ஒருவரைப் பற்றி, அங்கே வெறும் "வாலிபர் கைது". முதல் செய்தியை முழுக்கப் படித்துப் பார்த்தேன், மதத்தைப் பற்றி உள்ளே ஒரு வரி கிடையாது. கவரிங் வளையலுக்கும் ஐந்து வேளைத் தொழுகைக்கும் என்னங்க சம்பந்தம்?

இது போதாதென்று டிவி. வடக்கே எங்கேயோ என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) சோதனை என்று செய்தி ஓடுகிறது, பின்னால் காட்டுகிற படம் நாகூர் தர்கா கந்தூரித் திருவிழாக் கூட்டம். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் எங்கள் நன்னிக்கு (பாட்டிக்கு) செய்தி காதில் விழவில்லை, "நம்ம கொடியேத்தத்தைக் காட்டுறான் பாரு" என்று சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டார்.

எழுதலாம் என்று உட்கார்ந்தால் அத்தா வேண்டாம் என்கிறார். பெயர், விலாசம் போட்டு எழுதினால் நாளைக்கு நம் கடையையே செய்தியாக்கிவிடுவான் என்று பயம், அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. மச்சானோ ஃபேஸ்புக்கில் போட்டுக் கிழித்துவிடு என்கிறான். யாராவது உண்மையிலேயே எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது?

குடந்தை_பழைய_நிருபர்:

தங்கச்சி, நான் ரொம்ப காலம் பகுதி நேர நிருபராக இருந்தவன், அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் யாருக்கு எழுதுவது என்பது உங்களுக்கே புரிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் பத்து வரிக் குறிப்பு வரும், பெயர், அப்பா பெயர், வயது, தெரு. நிருபர் அதைக் கொஞ்சம் மாற்றி அனுப்புவார். தலைப்பு போடுவது அவர் இல்லை, பதிப்பு அலுவலகத்தில் ராத்திரி பக்கம் கட்டுகிற உதவி ஆசிரியர். அவருக்கு நேரம் இருக்காது, தலைப்பில் ஒரு பிடிப்பு மட்டும் வேண்டும், பெயரைப் பார்த்ததும் கைக்கு எளிதாக வருவது மதம். வெப்சைட்டில் இன்னும் மோசம், எந்தத் தலைப்புக்கு எத்தனை கிளிக் என்று அவர்களுக்கு உடனே தெரிகிறது. வன்மம் என்று ஒன்று சில இடத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான்.

அதனால் நிருபருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் பிரயோஜனம் இல்லை, அவரும் ஒரு செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர், "டெஸ்க்ல மாத்திட்டாங்க" என்பார், அது உண்மையாகவும் இருக்கும். ஆசிரியர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். "மதவெறிப் பத்திரிகையே" என்று ஆரம்பிக்கிற கடிதம் முதல் வரியோடு குப்பைக்குப் போகும். தேதி, பதிப்பு, பக்க எண், இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய நகல், இவ்வளவும் இருக்கிற கடிதத்தைத் தூக்கிப் போடத் தயங்குவார்கள், ஏனென்றால் அது அடுத்து டெல்லிக்கு, பத்திரிகை கவுன்சிலுக்குப் போகும் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

திருபுவனம்_வாசகன்:

கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. 2019-ல் எங்கள் ஊரில் ஒரு கொலை நடந்தது, என்ஐஏ எடுத்த வழக்கு. அதில் மதம் இல்லையா? அதை எழுதினாலும் வெறுப்பு என்பீர்களா? பெயரைப் போட்டாலே மதம் தெரியத்தான் போகிறது, தலைப்பில் இருந்தால் என்ன, உள்ளே இருந்தால் என்ன?

தஞ்சாவூர்_வக்கீல்:

திருபுவனத்துக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான், அதற்கு முதலில் பதில். இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளில் இது இருக்கிறது: குற்றத்தோடு சம்பந்தம் இல்லாதபோது, அடையாளம் காண்பதற்கோ வழக்கு நடப்பதற்கோ அது தேவைப்படாதபோது, குற்றம் சாட்டப்பட்டவரையோ பாதிக்கப்பட்டவரையோ சாதி, சமூகத்தின் பெயரால் குறிப்பிடக் கூடாது. அதாவது திருபுவனம் வழக்கில் மதமாற்றத் தகராறுதான் காரணம் என்று விசாரணை அமைப்பே சொன்னது, அதை எழுதாமல் அந்தச் செய்தியை எழுத முடியாது, எழுதியதை யாரும் குறை சொல்லவில்லை. கவரிங் நகை வழக்கில் அப்படி என்ன இருக்கிறது? பெயர் உள்ளே இருந்தால் அது ஒரு ஆளின் பெயர். தலைப்பில் மதம் வந்தால் செய்தியே அந்த மதத்தைப் பற்றியது ஆகிவிடுகிறது, படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற நூறு பேருக்கு மிஞ்சுவது அந்த ஒரு சொல்தான். கும்பகோணத்தில் ஒருவர் சீட்டுப் பணத்தோடு ஓடினால் "இந்து வாலிபர்" என்று எந்தப் பத்திரிகையாவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இப்போது வழிமுறை. நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை, வந்தது திருப்தியில்லை என்றால், செய்தி வந்த 2 மாதத்துக்குள் டெல்லியில் இருக்கிற பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார். கட்டணம் கிடையாது. செய்தி நறுக்கு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இந்த விஷயமாக நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்று ஒரு உறுதிமொழி, எல்லாம் இணைக்க வேண்டும். தமிழ்ச் செய்திக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும், இதை விட்டுவிட்டுத் திரும்பி வந்த புகார்களைப் பார்த்திருக்கிறேன். 1978-ம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. பல் இல்லாத அமைப்பு என்று எங்கள் ஆட்களே சிரிப்பார்கள். ஆனாலும் பத்திரிகைக்காரர் விளக்கம் எழுதி, டெல்லி வரை ஆள் அனுப்பி அலைய வேண்டும், அதுவே ஒரு தண்டனை.

டிவி வேறு கதை, பத்திரிகை கவுன்சிலுக்கு அதில் வேலை இல்லை. ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால் 14 நாளுக்குள் என்பிடிஎஸ்ஏ, அதாவது செய்திச் சேனல்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற புகார் அமைப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.சிக்ரி தலைமையில் முக்கியமான உத்தரவுகள் சில வந்தது அங்கிருந்துதான். 2024 பிப்ரவரி கடைசியில் டைம்ஸ் நவ் நவபாரத்துக்கு 1 லட்சம், நியூஸ்18 இந்தியாவுக்கு 50 ஆயிரம் அபராதம், ஆஜ் தக்குக்கு எச்சரிக்கை, அந்த வீடியோக்களையும் எடுக்கச் சொன்னார்கள். 'லவ் ஜிகாத்' மாதிரிச் சொற்களை யோசிக்காமல் வீசக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அவ்வளவையும் கிளப்பியது ஒரு தனி மனிதர், கட்சியோ ஜமாத்தோ இல்லை. ஒரு சேனலுக்கு 1 லட்சம் எல்லாம் டீச்செலவு, அது வேறு விஷயம். அந்த அமைப்பில் உறுப்பினராக இல்லாத சேனல் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். ஒளிபரப்பியதைச் சேனல் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அதை நம்பி இருக்காமல் தேதி, மணி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு மொபைலில் எடுத்து வையுங்கள்.

போலீஸில் புகார் வேண்டாம். மதங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கான பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 196-ம் பிரிவு இந்த மாதிரித் தலைப்புக்கு நிற்காது, தோற்றால் அதையே சாதகமாகக் காட்டுவார்கள்.

நாகை_மீனாட்சி:

எனக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் ஊர்க்காரர்கள் உடனே நாகூர் தர்காவின் பெரிய மனோராவைக் கட்டியது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் என்று ஆரம்பித்துவிடுவார்கள். உண்மைதான், எங்களுக்குப் பெருமைதான், நானும் குழந்தைக்கு அங்கேதான் முடியிறக்கினேன். ஆனால் அடகுக் கடைத் தலைப்புக்கு அது பதில் கிடையாது. நாங்கள் நல்லவர்கள் பாருங்கள் என்று ஒரு பக்கம் மட்டும் சான்றிதழ் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

2020 நினைவிருக்கிறதா, டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் கொரோனாவைப் பரப்பினார்கள் என்று வடக்கே சேனல்கள் ராப்பகலாகக் கத்தினது. மார்க்கெட்டில் பாயிடம் பழம் வாங்காதே என்று எனக்கே மெசேஜ் வந்தது. நம் சுகாதாரத் துறை அறிக்கையில் மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டு, ஒரே இடத்திலிருந்து பரவியது என்கிற மாதிரி மாற்றிக்கொண்டார்கள், அந்த அளவுக்கு அக்கறை இருந்தது. ஆகஸ்ட் 21-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாத்காரர்கள் மேல் போட்ட வழக்கை ரத்து செய்து, பத்திரிகையும் டிவியும் பெரிய பிரச்சாரம் செய்தன, இவர்களைப் பலிகடா ஆக்கினார்கள் என்று எழுதியது. அந்தத் தீர்ப்புக்கு எத்தனை சேனல் விவாதம் வைத்தது? மெசேஜ் அனுப்பின ஒருத்தரும் அதை அனுப்பவில்லை.

தங்கச்சி, உங்கள் அத்தா பயப்படுவது சரிதான், அதனால் கடிதத்தில் முதல் பெயராக என் பெயரைப் போடுங்கள். என் விலாசம், போன் எல்லாம் தனி மெசேஜில் அனுப்புகிறேன். எனக்கு இழக்கக் கடை ஒன்றும் இல்லை.

திருபுவனம்_வாசகன்:

வக்கீல் சார் சொன்ன வித்தியாசம் சரி. எங்கள் ஊர் வழக்கு முழுசாக எழுதப்பட வேண்டும் என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன். அடகுக் கடைக் கடிதத்துக்கு என் பெயரும் போட்டுக்கொள்ளலாம்.

கூத்தாநல்லூர்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தாவிடம் மீனாட்சி அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீட் போஸ்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். வரைவு இதோ:

"ஐயா, தங்கள் நாளிதழின் தஞ்சைப் பதிப்பில் இந்தத் தேதியில் இந்தப் பக்கத்தில் வெளியான இரண்டு கைதுச் செய்திகளின் தலைப்புகளை இணைத்துள்ளோம். ஒன்றில் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவரின் மதம் குறிப்பிடப்பட்டுள்ளது. செய்திக்கும் மதத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் செய்தியிலேயே இல்லை. இது பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளுக்கு முரணானது. இந்த மதவாதப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். திருத்தம் வெளியிடுமாறும், இணையத்தில் உள்ள தலைப்பை மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

குடந்தை_பழைய_நிருபர்:

நல்லா இருக்கும்மா. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், அது கட்சி அறிக்கை மாதிரி இருக்கிறது. இணையத் தலைப்பை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி, கடிதம் கையில் கிடைத்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு அப்படி ஒன்றும் போடவில்லையே என்பார்கள். ஒப்புகையோடு அனுப்புங்கள், அந்த ஒப்புகை டெல்லிக்கு வேண்டும்.