இசையின்மையா, இசைவிலகலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சுவதை ஆராயும் திருசியவியல் (ஸ்பெக்ரொஸ்கொபி) பற்றிய நம் தமிழ்க் குறிப்பு திங்கட்கிழமை யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஈரணு மூலக்கூறு, அதிர்வுச் சக்தி மட்டம், சொட்டெண் (குவாண்டம் எண்) என்ற சொற்கள் எல்லாவற்றுக்கும் இணங்கிவிட்டோம். அதிர்வு மட்டங்கள் சம இடைவெளியில் அமையாததைக் குறிக்கும் ‘அன்ஹார்மோனிசிற்றி’க்கான தமிழ்ச் சொல் ஒன்றுதான் இழுபடுகிறது.

பண்டிதர் ஐயா ‘இசையின்மை’ என்கிறார். ஐதரசன் குளோரைட்டைப் பாருங்கள், ஐயா. அதன் அடிப்படை அதிர்வு சென்ரிமீற்றருக்கு 2886 என்ற அலையெண்ணில் உறிஞ்சுகிறது. மட்டங்கள் சம இடைவெளியில் அமைந்திருந்தால் முதலாம் மேற்றொனி (ஒரே தாவலில் இரண்டு மட்டம் ஏறும் உறிஞ்சல்) 5772இல் வர வேண்டும், வருவதோ 5668இல். இரண்டாவது 8658இல் அல்ல, 8347இல். குறைவு முதலில் 104, பிறகு 311. மேலே போகப் போக மட்டங்கள் நெருங்கி, பிணைப்பு அறும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. இங்கே இசை, அதாவது அந்தச் சம இடைவெளி ஒழுங்கு, இல்லாமற் போகவில்லை, படிப்படியாக விலகுகிறது. அதுவும் பழந்தமிழில் இசை என்றால் புகழ். ‘இசையின்மை’ என்றதும் எனக்குப் புகழற்றவன்தான் நினைவுக்கு வருகிறான்.

சென்னை அன்பர் ‘இசைபிறழ்வு’ என்றார். ஓசை நன்று. ஆனால் நெறி பிறழ்தல், வாக்குப் பிறழ்தல் என்று குற்றத்தோடு பழகிய சொல் அது. மூலக்கூறு என்ன குற்றம் செய்தது?

பிறீக்குவன்சிக்கு நாம் வைத்த ‘மீடிறன்’ வாயில் நுழையவில்லை, ‘அதிர்வெண்’ போதும் என்றும் அவர் எழுதியிருந்தார். நாள், தோறும் சேர்ந்து நாடோறும் ஆவதுபோல மீள், திறன் சேர்ந்து மீடிறன். மீண்டும் மீண்டும் நிகழும் திறன் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே அதிர்வுச் சொட்டெண் வரும் பாடத்தில் அதிர்வெண்ணையும் வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் கேட்பது ‘இசைவிலகல்’. அரியத்தில் (ஒளியை முறிக்கும் கண்ணாடிப் பட்டகத்தில்) இழிவு விலகலும் புள்ளிவிபரத்தில் நியம விலகலும் உயர்தர வகுப்பிலேயே படித்தவை. விலகல் என்றதும் அளக்கக்கூடிய ஒன்று என்று மாணவருக்குத் தெரியும்; ‘இசைவிலகல் மாறிலி’ என்று நீட்டவும் முடியும்.

ஆங்கில ஒலியையே வைப்போம் என்ற ரீச்சரின் கட்சிக்கும் இந்த ஊரில் வேர் உண்டு. மானிப்பாய் மருத்துவர் கிறீன் 1875இல் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டார். அந்தச் சொல் நிற்கவில்லை, இரசாயனவியல் நின்றது.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் களைத்துப்போய் ‘விலகல்’ பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். பண்டிதர் ஐயா இன்னும் இணங்கவில்லை. குறிப்பில் ‘இசைவிலகல்’ என்று அச்சிட்டு, அடியில் ‘இசையின்மை எனவும் வழங்குவர்’ என்று சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள்.