சகாராவில் பனி கொட்டுகிறதே, அப்புறம் எங்கே பூமி சூடாகிறது? மாமாவுக்கு என்ன பதில் சொல்ல?

முறுக்குமீசை எழுதியது:

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரே ரகளை. ஆரம்பித்து வைத்தவர் என் தாய்மாமா. பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்கு முழுநேர வேலையே ஃபார்வர்டுதான். மூன்று படம் போட்டார். ஒன்று, ஆரஞ்சு நிற மணல்மேட்டின் மேல் வெள்ளையாகக் கோலமாவு தூவியது போல சகாரா பாலைவனம். இரண்டாவது, எகிப்து ஸ்பிங்ஸ் சிலையின் தலைமேல் பனி. மூன்றாவது, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் ஜனங்கள் பனிச்சறுக்கு விளையாடுவது. கீழே ஒரே வரி: "பூமி சூடாகுதாம், நம்புங்கடா."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மாமா, இந்தப் பனியே பருவநிலை மாற்றத்தால்தான்" என்று எங்கேயோ படித்ததை எழுதிவிட்டேன். உடனே வந்தது பதில்: "சூடானாலும் அதான் காரணம், குளிர்ந்தாலும் அதான் காரணம்னா அது அறிவியல் இல்ல மாப்ளே, ஜோசியம்." சித்தப்பா, பெரியம்மா பையன், இன்னும் ஒன்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் படங்கள் நிஜமா? சூடாகும் உலகத்தில் சூடான ஊரில் பனி எப்படி விழும்? மாமா கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறதா? அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் அவரை நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்குள் யாராவது காப்பாற்றுங்கள்.

---

வானம்பார்த்தபூமி எழுதியது:

முதலில் படங்கள். சகாரா படம் நிஜம். ஐன் செஃப்ரா என்ற ஊர், அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கே 1979 பிப்ரவரியில் அரை மணி நேரம் பனி விழுந்தது, அப்புறம் 2016 டிசம்பரில் விழுந்தபோது "37 ஆண்டுக்குப் பிறகு" என்று உலகமே எழுதியது. அதற்குப் பிறகு 2018, 2021, 2022 என்று ஜனவரிகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் படமும் நிஜம்தான், 2025 ஜனவரி 21 அன்று அங்கே 8 அங்குலம். ஸ்பிங்ஸ் மட்டும் டூப். 2013 டிசம்பரில் கெய்ரோ பக்கம் பனி விழுந்தது, "112 ஆண்டுகளுக்குப் பிறகு" என்று செய்தியும் ஓடியது, ஆனால் சுற்றிய அந்தப் படம் எகிப்தே இல்லை. ஜப்பானில் டோபு வேர்ல்டு ஸ்கொயர் என்று உலகச் சின்னங்களை 25-இல் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கும் பூங்கா ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கும் பொம்மை ஸ்பிங்ஸ் அது. ஜப்பானில் பனி விழுவதில் என்ன அதிசயம்? மாமாவிடம் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது சகாரா. பெயரைக் கேட்டதும் நமக்கு ஒட்டகமும் கானலும்தான் ஞாபகம் வருகிறது. ஐன் செஃப்ரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில், அட்லஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம்ம கொல்லிமலை உயரம், ஆனால் நம்மைவிட வடக்கே எவ்வளவோ தூரம் தள்ளி, ஜப்பான், டெக்சாஸ் இருக்கிற அட்சரேகையில். பாலைவனக் காற்றில் ஈரம் கிடையாது, மேகம் கிடையாது, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜனவரி இரவில் அங்கே பூஜ்யத்தை ஒட்டிப் போவது சாதாரணம். குளிர் அங்கே எப்போதும் இருக்கிற சரக்கு, இல்லாதது ஈரம்தான். ஐரோப்பாவிலிருந்து ஒரு குளிர்க்காற்று அலை தெற்கே இறங்கி, வழியில் மத்தியதரைக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அட்லஸில் ஏறினால் பனி. சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் கரைந்து மணலில் போய்விடும். "எரியும் பாலைவனம் உறைந்தது" என்பதெல்லாம் தலைப்பு எழுதுகிறவருடைய உற்சாகம்.

அடுத்து நியூ ஆர்லியன்ஸ். இதுதான் எனக்குப் பிடித்த உதாரணம். அந்த ஊர்க்காரர்கள் பனியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்த அதே 2025 ஜனவரிதான், உலக சராசரிப்படி அளவெடுக்க ஆரம்பித்ததிலிருந்து மிக வெப்பமான ஜனவரி. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்ற பருவநிலைக் கண்காணிப்பு அமைப்பின் கணக்கில், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.75 டிகிரி அதிகம். அமெரிக்கா நடுங்கியபோது அலாஸ்காவும் கனடாவின் பல பகுதிகளும் சைபீரியாவும் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தன. குளிர் புதிதாக எங்கேயும் உற்பத்தியாகவில்லை, வட துருவத்தில் கிடக்க வேண்டிய காற்று வழிதவறி கீழே வந்துவிட்டது. குளிர்பதனப் பெட்டிக் கதவைத் திறந்து வைத்தால் அடுப்படியில் காலுக்கு ஜில்லென்று இருக்கும், அதற்காக வீடே குளிர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா. அமெரிக்காவின் 48 மாநிலங்களையும் சேர்த்தாலே பூமிப் பரப்பில் 2 சதவீதம் தேறாது.

---

ஹூஸ்டன்_கறிவேப்பிலை எழுதியது:

அறிவியல் எனக்கு அவ்வளவாக வராது, பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் இங்கே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் மைனஸ் 10 டிகிரி வரை போனது. நம்ம மதுரை மாதிரி வெயிலுக்காகவே கட்டிய ஊர் இது, தண்ணீர்க் குழாய் எல்லாம் கூரைக்கு அடியில் அம்மணமாக ஓடும். திங்கட்கிழமை விடியற்காலை மின்சாரம் போனது, எங்கள் தெருவில் சுமார் 40 மணி நேரம் வரவில்லை. குழாயைச் சொட்டு சொட்டாகத் திறந்து வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். மூன்றாம் நாள் வெயில் வந்து பனி இளகியதும் மேலே "டப்" என்று ஒரு சத்தம், ஹாலில் கூரைப் பலகை அப்படியே ஊறித் தொங்கி சோபா மேல் விழுந்தது. அப்புறம் தண்ணீரும் நின்றுபோய், கழிப்பறைக்கு அப்பார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் வாளி வாளியாக மொண்டு வந்தோம். பின்கட்டில் வைத்து கறி சுடுகிற காஸ் அடுப்பில் என் மனைவி மிளகு ரசம் வைத்தாள், ஆறு குடும்பம் டம்ளரோடு வந்து நின்றது. (அந்த அடுப்பை வீட்டுக்குள் கொண்டு வந்து குளிர்காய்ந்தவர்கள் சிலர் கார்பன் மோனாக்சைடில் செத்தே போனார்கள். யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.) மாநில அரசின் கணக்கில் மொத்தம் 246 பேர் சாவு.

அந்த வாரமும் ஒரு படம் சுற்றியது, உறைந்துபோன காற்றாலையை ஹெலிகாப்டர் வைத்து உருக்குவது போல. "காற்றாலையை நம்பியதால் டெக்சாஸ் இருண்டது" என்று தலைப்பு. அதுவும் உங்கள் மாமாவின் ஸ்பிங்ஸ் ஜாதிதான், சில வருடம் முன்பு ஸ்வீடனில் எடுத்த படம். காற்றாலைகள் கொஞ்சம் நின்றது உண்மை, ஆனால் பெரிய அடி எரிவாயுவில். எரிவாயுக் கிணற்று முகப்பும் குழாயும் உறைந்து, அதை நம்பியிருந்த மின்நிலையங்கள் படுத்துவிட்டன.

மாடித் தாழ்வாரத்தில் ஆறு வருடம் வளர்த்த கறிவேப்பிலை மரம் கரிக்கட்டையாகிவிட்டது. இந்த ஊர்த் தமிழர்கள் பாதிப்பேருக்கு அந்த வருடம் அதே துக்கம்தான், யார் வீட்டுக்குப் போனாலும் முதல் விசாரிப்பு "உங்க கறிவேப்பிலை பிழைச்சுதா?" எனக்கு ஏப்ரலில் வேரிலிருந்து ஒரு துளிர் வந்தது. 2025-இல் மறுபடி பனி விழுந்தபோது நானும் மகனும் அந்தச் செடிக்குப் பழைய போர்வை சுற்றி, உள்ளே கிறிஸ்துமஸ் சர விளக்கையும் போட்டு வைத்தோம், தப்பித்தது.

ஆனால் ஒன்று. நடுவில் 2023 கோடை வந்ததே, ஹூஸ்டன் பதிவேட்டிலேயே மிகச் சூடான கோடை அது. ஆகஸ்டில் 109 ஃபாரன்ஹீட் (சுமார் 43 செல்சியஸ்) தொட்டது. அதை ஊரிலிருந்து ஒருத்தர்கூட போன் போட்டு விசாரிக்கவில்லை. நாலு அங்குலம் பனி என்றால் நாற்பது பேர் கூப்பிடுகிறார்கள். வெயிலை எப்படிப் படம் எடுத்து அனுப்ப முடியும்?

---

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லோரும் மாமாவை ஓட்டுகிறீர்கள், நான் அவர் பக்கம். 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டேவிட் வைனர் என்ற பருவநிலை விஞ்ஞானி, இன்னும் சில வருடத்தில் பனி என்பது அபூர்வமாகிவிடும், குழந்தைகளுக்குப் பனி என்றால் என்னவென்றே தெரியாமல் போகும் என்று பத்திரிகையில் சொன்னார். 2010 டிசம்பரில் இங்கிலாந்தே பனியில் மூழ்கியது. உடனே கதை மாறியது, பனி குறைந்தாலும் நாங்கள் சொன்னதுதான், கூடினாலும் நாங்கள் சொன்னதுதான் என்று. அதோடு "புவி வெப்பமாதல்" என்று இருந்த பெயரையும் சத்தமில்லாமல் "பருவநிலை மாற்றம்" என்று மாற்றிக்கொண்டார்கள். மாமா கேட்டது நியாயமான கேள்வி. எது நடந்தால் நீங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்வீர்கள்? அதைச் சொல்லாமல் குளிர்பதனப் பெட்டிக் கதை சொன்னால் எப்படி?

---

வானம்பார்த்தபூமி எழுதியது:

சரி, நல்ல கேள்வி. வைனர் சொன்னது அவசரப் பேச்சு, அதை நான் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. ஒரு விஞ்ஞானி பத்திரிகைக்காரரிடம் வாய்விட்டது வேறு, துறையே ஒத்துக்கொண்டது வேறு.

பெயர் மாற்றக் கதை மட்டும் தப்பு. 1975-இல் வாலஸ் பிரோக்கர் என்ற விஞ்ஞானி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே பருவநிலை மாற்றம், புவி வெப்பமாதல் இரண்டு சொல்லும் சேர்ந்து இருக்கின்றன. ஐ.நா.வின் பருவநிலை ஆய்வுக் குழுவான ஐபிசிசி 1988-இல் தொடங்கியபோதே அதன் பெயரில் இருந்தது பருவநிலை மாற்றம்தான். சொல்லை மாற்றச் சொல்லி ஆலோசனை கொடுத்தவர் ஒருவர் உண்டு, 2002-இல் பிராங்க் லன்ட்ஸ். அவர் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பிரச்சார ஆலோசகர். "வெப்பமாதல்" என்றால் ஜனங்கள் பயப்படுகிறார்கள், "மாற்றம்" என்றால் மிதமாக இருக்கும் என்றார்.

இப்போது முறுக்குமீசைக்கு ஒரு குட்டு. "இந்தப் பனியே பருவநிலை மாற்றத்தால்தான்" என்று நீங்கள் எழுதியதுதான் மாமாவுக்குக் கிடைத்த லட்டு. ஆர்க்டிக் மற்ற உலகத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது, அதனால் துருவத்தைச் சுற்றி ஓடும் மேல்காற்று தளர்ந்து, குளிர் அடிக்கடி தெற்கே வழிகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. 2012-இல் விஞ்ஞானிகள் ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீவ் வாவ்ரஸும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பிரபலமானது. ஆனால் அதில் இன்னும் விஞ்ஞானிகளுக்குள்ளேயே அடிதடி தீரவில்லை, பல கணினி மாதிரிகளில் அந்தத் தொடர்பு பலமாகத் தெரிவதில்லை. முடிவாகாததை முடிவானது போல நாம் சொன்னால் நமக்கும் ஸ்பிங்ஸ் படத்துக்கும் என்ன வித்தியாசம்? சகாராவில் 1979-இலும் விழுந்தது, மயாமியில் 1977-இலும் விழுந்தது. வானிலை என்றால் அப்படித்தான், எப்போதாவது உதைக்கும்.

தோற்றதாக எப்போது ஒப்புக்கொள்வோம் என்று கேட்டீர்கள். ஒன்று, புதிய உச்ச வெப்பப் பதிவுகளும் புதிய உச்சக் குளிர்ப் பதிவுகளும் சரிசமமாக வந்துகொண்டே இருந்தால். அமெரிக்காவில் 1950-களில் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது, 2000-களில் இரண்டு வெப்பப் பதிவுக்கு ஒரு குளிர்ப் பதிவு என்று ஆகிவிட்டது. கவனியுங்கள், குளிர்ப் பதிவு பூஜ்யமாகவில்லை, அப்படி மிஞ்சிய குளிர்ப் பதிவில் ஒன்றுதான் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. இன்னொன்று, எனக்குக் கேட்டபோதே மலைப்பாக இருந்தது. 1967-இல் விஞ்ஞானிகள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்குப் போட்டு, கரியமில வாயு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடாகும், ஆனால் மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற உயரமான காற்றடுக்கு குளிரும் என்று எழுதினார்கள். சூரியன் அதிகமாகக் காய்வதால் பூமி சூடாகிறது என்றால் மேலேயும் கீழேயும் சேர்ந்து சூடாக வேண்டும். பிற்பாடு பலூனும் செயற்கைக்கோளும் வைத்து அளந்து பார்த்தார்கள், மேலே குளிர்ந்துகொண்டிருக்கிறது (ஓசோன் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் ஓசோன் குறைவான இன்னும் உயரத்திலும் அதே கதைதான்). மனாபேவுக்கு 2021-இல் நோபல் கொடுத்தார்கள். ஜோசியக்காரர் யாரும் ஐம்பது வருடம் முன்பே இப்படி மாட்டிக்கொள்கிற மாதிரி எழுதிக் கொடுக்க மாட்டார்.

பனி கூடுமா குறையுமா என்பதும் அப்படி வழவழா இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். எனவே கடுங்குளிர் ஊரில், இன்னமும் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கிற இடத்தில், ஒரே நாளில் கொட்டும் பனி கூடலாம். பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற ஊரில் அது மழையாகிவிடும். இடத்தைச் சொல்லாமல் "கூடும்", "குறையும்" என்றால்தான் இரண்டும் முரணாகத் தெரிகிறது.

---

எதிர்க்கட்சி எழுதியது:

ஸ்ட்ராட்டோஸ்பியர் விஷயம் எனக்குப் புதுசு. படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

---

உறைபனி_குன்னூர் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வாசலில் "பனி பெய்யுது, தலையில துண்டைக் கட்டு" என்றால் அது மார்கழிப் பனி, வெறும் ஈரம். ரோடு தெரியாமல் மூடுவதும் பனி. இமயமலையில் விழுவதும் பனி. எங்கள் ஊரில் ஜனவரியில் புல் மேல் உப்புப் பூத்தது போல நிற்பது உறைபனி, வானத்திலிருந்து விழுந்ததே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போய், காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே உறைந்து நிற்பது. ஒவ்வொரு வருடமும் டிவிக்காரர்கள் "ஊட்டியில் பனிப்பொழிவு, மினி காஷ்மீர்" என்று போடுகிறார்கள், கீழே நாற்பது பேர் "எங்கே போச்சு குளோபல் வார்மிங்" என்று எழுதுகிறார்கள். காலையில் எட்டு மணிக்கு வெயில் பட்டதும் புல் நனைந்து கிடக்கும், தேயிலைக் கொழுந்து மட்டும் இரண்டு நாளில் தீய்ந்த மாதிரி கருகிப்போகும். எங்களுக்கு அது காஷ்மீரும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்த வாரக் கொழுந்துக் காசு போனது, அவ்வளவுதான்.

---

முறுக்குமீசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலில் என் தப்பை ஒத்துக்கொண்டு, "பனிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னது என் அவசரம் மாமா" என்று போட்டேன். அப்புறம் 2025 ஜனவரிக் கணக்கைப் போட்டேன், மனாபே கதையை என் பாணியில் எழுதினேன். கடைசியாக ஜப்பான் பூங்காவின் படம், பொம்மை ஸ்பிங்ஸ் பக்கத்தில் மனுஷன் நிற்கிற மாதிரி.

நேற்று முழுக்க நீல டிக் மட்டும். இன்று காலையில் மாமா தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார், குழுவில் இல்லை: "அந்த ஜப்பான் பார்க்ல தாஜ்மஹாலும் இருக்கா மாப்ளே? டிக்கெட் எவ்ளோன்னு பாரு."